கடைசிப் பூதத்துக்கு ஒரு பெயர்

மார்கழி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. வீட்டு வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்த மாயவன், அப்போதே சண்டையைத் தொடங்கிவிட்டான். வலக்கையில் இருந்த பிரஷ் வாய்க்குள் போய் வந்துகொண்டிருந்தது. இடக்கைக் கட்டைவிரலோ ஆள்காட்டி விரலின்மேல் எதையோ நசுக்குவதும் விடுவதுமாக இருந்தது.

தண்ணீர்க் குடத்துடன் வந்த அவன் மனைவி செவ்வந்தி நின்று பார்த்தாள்.

"இன்னாய்யா, பல்லு தேய்க்கிறியா, பேன் குத்திக்கினு இருக்கியா?"

"சும்மா இரு புள்ள. அது வாலத் தூக்கிக்கினு வருது."

"எது?"

"அதான், பேரில்லாதது."

"இன்னும் சாவலையா அது?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போனாள். அந்தக் கேள்வி மாயவனுக்குச் சுருக்கென்று தைத்தது. சாகவில்லை, அதுதான் துயரம். இன்று சாகாவிட்டால் இனி அவன் கையால் சாகப்போவதும் இல்லை.

மாயவனுக்கு வயது முப்பத்தாறு. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, லாரிகளில் கிளீனராக ஊர் ஊராகச் சுற்றினான், பிறகு ஓட்டுநரானான், அதன் பிறகு, மலைச் சரக்கைக் கீழே இறக்குவதற்கென்று சொந்தமாக ஒரு சிறிய லோடு வண்டி வாங்கினான். பலாவும் புளியும் கடுக்காயும் காய்கறியுமாக ஏற்றிக்கொண்டு, கொண்டையூசி வளைவுகளில் இறங்கி, கச்சிராயப்பாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிச் சந்தைக்குப் போவான். சரக்கை இறக்கிய பிறகு எடை போட்டுக் கணக்கு முடித்துக் காலிச் சாக்குகளைத் திரும்ப வாங்கும்வரை அங்கே காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் அவன் வாழ்க்கையில் இந்த ஆட்டம் நுழைந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பெருமழைக்கு ஒதுங்க இடம் தேடியவன், சந்தைக்கு எதிரே இருந்த உரக்கடையின் மாடிப்படியில் ஏறினான். மேலே ஒரு வீடியோ விளையாட்டுக் கூடம் இருந்தது. பெரிய திரையில் கறுப்புப் போர்வை போர்த்திய வீரன் ஒருவன், தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய அரக்கனோடு வாளேந்திப் போரிட்டுக்கொண்டிருந்தான். மாயவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீரன் செத்தான். கட்டுப்பாட்டுக் கருவி அடுத்தவர் கைக்குப் போயிற்று. மறுபடியும் செத்தான். இப்படியே வரிசையாக எல்லாரும் செத்துத் தீர்ந்தபின், "அண்ணே, சும்மாதான நிக்கிறீங்க, நீங்களும் ஒருவாட்டி செத்துட்டுப் போங்க" என்று யாரோ கருவியை அவன் கையில் திணித்தார்கள். அன்று மழை எப்போது விட்டது என்று அவனுக்குத் தெரியாது.

அந்த ஆட்டம் எளியவர்களுக்கு உரியதன்று. அதில் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் பெரிய எதிரி ஒன்று காத்திருக்கும். உலகத்தார் அதை 'பாஸ்' என்பர். கள்ளக்குறிச்சிக் கூட்டத்தார் பூதம் என்றும் சொல்வர். அங்கே எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு வீரன்தான். கறுப்பாக இருந்ததால் அவனுக்குக் கரியன் என்று பெயர். கரியன் செத்தால் கை மாறும். யாராக இருந்தாலும் விதிவிலக்கில்லை. இணையத்தில் எவனோ பூதத்தைக் கொன்ற வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து கொல்வது, விடைத்தாளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு தேர்வு எழுதுவதற்கு ஒப்பாகும் என்பது கூடத்தின் உரிமையாளர் இளஞ்செழியனின் உறுதியான கருத்து. அவர் முன்பு கணினிப் பயிற்சி மையம் நடத்தியவர். எனவே கரியனைக் காப்பாற்றும் வழிகளை அவரவர் செத்துச் செத்துத்தான் கண்டறிய வேண்டும். கண்டதைத் தேநீர் வேளையில் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு வழி கொடுத்தவருக்குத்தான் ஒரு வழி கிடைக்கும்.

இவை எல்லாவற்றையும்விட மாயவனின் மனத்தைப் பிடித்தது வேறொரு வழக்கம். கொல்லும்வரை எந்தப் பூதத்துக்கும் பெயர் கிடையாது. எவர் கையில் கருவி இருக்கும்போது அது விழுகிறதோ, அவரே அதற்குப் பெயர் வைக்கலாம். அந்தப் பெயரும், அதன் கீழே வைத்தவர் பெயரும் கூடத்தின் சுவரில் நீலச் சாயத்தில் எழுதப்படும். முதுகு நிறைய ஈட்டிகளைச் சுமந்துகொண்டு, திரும்பும்போதெல்லாம் சாய்ந்து ஆடிய பூதத்துக்குக் 'கரும்பு லாரி' என்று பெயர் வைத்தவர் இளஞ்செழியன். சங்கராபுரத்தில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் சுபஸ்ரீ, ஞாயிறுதோறும் ஸ்கூட்டரில் வருபவள். அடித்து முடித்துவிட்டுப் போவதுபோல் போய், வாசலில் நின்று திரும்பி இன்னொன்று அடிக்கும் பூதத்துக்கு அவள் வைத்த பெயர் 'நாத்தனார்'. திருநாவலூர் எலக்ட்ரீசியன் தமிழழகன், சொல்லாமல் வந்து சொல்லாமல் மறைந்த பூதத்துக்குக் 'கரண்டு' என்று பெயர் சூட்டினான்.

சுவரில் இருந்த பெயர்கள் எல்லாமே சமவெளிக்காரர்கள் வைத்தவை. மலையிலிருந்து வருபவன் மாயவன் ஒருவன்தான். அவன் பெயர் அங்கே இல்லை. இப்போது எஞ்சியிருப்பது கடைசிப் பூதம். அதற்கு மட்டும் சுவரில் கோடு போட்டு இடம் காலியாக விடப்பட்டிருந்தது.

தை பிறந்தால் மரவள்ளிக் கிழங்கு வெட்டு தொடங்கிவிடும். அப்புறம் அவன் வண்டி ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கே ஓடும். கள்ளக்குறிச்சிக்கு வர மாதக்கணக்காகும். அதற்குள் வேறு யாராவது கொன்றுவிடுவார்கள். அந்தப் பூதத்துக்கென்று ஒரு பெயரை அவன் வெகுநாளாக மனத்துக்குள் பூட்டி வைத்திருந்தான், செவ்வந்தியிடம்கூடச் சொல்லவில்லை.

இதில் அவனை உறுத்திய செய்தி ஒன்றும் இருந்தது. கூட்டம் முழுவதும் வாரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தது அவன் சொன்ன வழியைப் பின்பற்றித்தான்.

கடைசிப் பூதம் ஒரு மலையுச்சியில் இருந்தது. நடுவில் வானளாவிய பாறை. அதைச் சுற்றி வட்டமாகக் கல்தளம். தளத்தின் விளிம்புக்கு அப்பால் அடிகாண முடியாத பள்ளம். அந்தத் தளத்தில் பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தது பூதம். பூரானைப்போல் நீண்ட உடல், எண்ணற்ற கால்கள், தலையில் வளைந்த கொம்பு. முதல் நாள் எல்லாரும் பதறிப் பின்வாங்கிப் பள்ளத்தில் விழுந்தே செத்தார்கள். அப்போது மாயவன் ஓட்டுநருக்குரிய அதிகாரத்தோடு சொன்னான்: "பாறைய ஒட்டியே நில்லுங்க. பள்ளத்துப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காதீங்க. மலையில பொழைக்கிறதுக்கு அது ஒண்ணுதான் வழி." விழுந்து சாவது நின்றது. ஆனால் பாறையோரம் நின்றவர்களை, தலை கடந்து போனபின், எங்கிருந்தோ வந்த வால் அடித்து நசுக்கியது. உருண்டு விலகுவதில் தாமதம் என்றார்கள். கேடயத்தை உயர்த்த வேண்டும் என்றார்கள். மருந்தை முன்கூட்டியே குடிக்க வேண்டும் என்றார்கள். ஆளுக்கொரு வழி சொல்லி, ஆளுக்கொரு முறை செத்தார்கள். அத்தனை வழிகளும் 'பாறையை ஒட்டி நில்' என்ற அந்த ஒரு சொல்லின்மேல் கட்டப்பட்டிருந்தன.

அந்த ஞாயிறு, துணி எடுக்க வேண்டுமென்று செவ்வந்தியும் வண்டியில் ஏறிக்கொண்டாள். பின்னால் புளி மூட்டைகள். பனி இன்னும் முழுதாக விலகவில்லை. கொண்டையூசி வளைவொன்றை நெருங்கும்போது கீழிருந்து ஒலிப்பான் கேட்டது; நீண்டு ஒலித்து, நின்று, மீண்டும் ஒலித்தது.

"எட்டரை வண்டி வருது" என்றாள் செவ்வந்தி.

எட்டரை மணிக்கு வெள்ளிமலையைச் சேரும் பேருந்துக்கு மலையில் அதுதான் பெயர். மேலே ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். மாயவன் எப்போதும் பாறைப் பக்கம் ஒதுங்குபவன். ஆனால் அன்று அந்த இடத்தில் சாலைப் பணிக்காக ஜல்லி கொட்டியிருந்தார்கள். வேறு வழியில்லை. பள்ளத்துப் பக்கம் இருந்த சிறு திட்டில்தான் பின்வாங்கி நிறுத்தியாக வேண்டும். இத்தனை ஆண்டு மலையோட்டத்துக்குப் பிறகும், பள்ளத்தோரம் பின்சக்கரம் போகும்போது அவன் கை ஸ்டியரிங்கைப் பாறைப் பக்கமே ஒடிக்கப் பார்க்கும்.

அவன் கேட்காமலேயே செவ்வந்தி இறங்கிப் பின்னால் போனாள். வண்டியின் பின்தகரத்தைத் தட்டிச் சைடு சொன்னாள்.

"வரலாம்... வரலாம்... வரலாம்... இன்னும் கொஞ்சம்... ஓல்டு!"

அவள் குரல் வந்தவரைக்கும் அவன் கால் தானாக வந்தது. 'ஓல்டு' என்றதும் நின்றது. அவன் பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டிய வேலை அவளுடையது.

பேருந்து முனகிக்கொண்டு வளைவில் ஏறியது. அதன் மூக்கு மாயவனின் கண்ணாடியை நோக்கி வந்து, பாறையைச் சுற்றித் திரும்பியது. முன்பக்கம் அகலமாக விலகிப் போன பிறகு, பின்பக்கம் மெல்ல உள்ளே வாங்கியது. பின்சக்கரம் ஜல்லிக் குவியலின் ஓரத்தில் ஏறி நறநறவென்று அரைத்துக்கொண்டு போயிற்று. சில கற்கள் தெறித்துப் பாறையில் மோதின.

"நல்லவேள, அங்க நிக்கல" என்று செவ்வந்தி ஏறி உட்கார்ந்தாள். "தல அந்தாண்ட போச்சேன்னு பாத்தா, வாலு இந்தாண்ட வந்து ஒரசுது பாரு."

மாயவன் பேருந்தின் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நீளமான வண்டி திரும்பும்போது பின்பக்கம் உள்வளைவை நோக்கி வரும் என்பது அவனுக்குத் தெரியாததன்று; கிளீனராக இருந்த முதல் வாரத்திலேயே கற்றது. ஆனால் இப்போது அவன் கண்முன் பேருந்து இல்லை. பாறையைச் சுற்றித் திரும்பும் நீண்ட உடலும், உள்ளே வாங்கும் வாலும், அதற்கு நேராகப் பாறையோரம் ஒட்டிக்கொண்டு நிற்கும் கரியனும் இருந்தார்கள்.

"அடிப்பாவி!" என்று கத்திவிட்டான்.

"யார்றா பாவி?" என்றது, தாண்டிப் போய் நின்ற பேருந்து. அதன் ஓட்டுநர் அம்மாசி, ஒருவகையில் மாயவனுக்கு மாமன் முறை. தலையை வெளியே நீட்டியிருந்தார். "இன்னா மாப்ள, பள்ளத்துப் பக்கம் வந்து நின்னுக்கினு இருக்க? வூட்ல சண்டையா?"

"இல்ல மாமா! நீ போ, நீ போ! நீ நல்லா இருக்கணும்!"

அம்மாசி ஒன்றும் விளங்காமல் செவ்வந்தியைப் பார்த்தார். அவள் நெற்றிக்கு அருகே விரலைச் சுழற்றிக் காட்டினாள்.

மாயவன் அன்று புளி மூட்டைகளை இறக்கிய வேகத்தைப் பார்த்துச் சந்தைக் கூலிகள் வியந்தனர். செவ்வந்தியைத் துணிக்கடை வாசலில் விட்டுவிட்டு, மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவினான். கூட்டம் ஏற்கெனவே கூடியிருந்தது. கரியன் அப்போதுதான் தமிழழகனின் கையில் உயிரை விட்டிருந்தான்.

"நிறுத்துங்க! நான் சொன்னது தப்பு!" என்றான் மாயவன், மூச்சு வாங்க. "பாறைய ஒட்டி நிக்கக் கூடாது. பள்ளத்து ஓரம் நிக்கணும். ஒரேடியா விளிம்புல."

தமிழழகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"யோவ், ஒன்ன நம்பி நான் பாறையில பல்லி மாதிரி ஒட்டிக்கினு எத்தினிவாட்டி செத்தேன் தெரியுமா? இப்ப வந்து பள்ளத்துல குதின்ற. அடுத்த வாரம் மரத்துல தொங்கச் சொல்லுவியா?"

"குதிக்கச் சொல்லலடா, நிக்கச் சொல்றேன். கரும்பு ஏத்தின லாரி திரும்பும்போது நீ எந்தப் பக்கம் நிப்ப? உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"வெளிப்பக்கம்தான். உள்ள நின்னா பின்சக்கரத்துல போயிருவேன்ல."

"அப்புறம்? இது மட்டும் இன்னா, உங்க மாமன் வூட்டு லாரியா?"

சிரிப்பு நின்றது. இளஞ்செழியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒரு செய்தி அவருக்குள் ஆழமாக இறங்குகிறது என்பதற்கு அது அடையாளம். சுபஸ்ரீ எழுந்து வந்து, மேசைமேல் இருந்த தண்ணீர்ப் புட்டியைப் பாறையாகவும் தன் துப்பட்டாவைப் பூதமாகவும் வைத்துச் சுற்றி இழுத்துப் பார்த்தாள். துப்பட்டாவின் நுனி ஒவ்வொரு முறையும் புட்டியை உரசிக்கொண்டு வந்தது.

"அண்ணே!" என்று அலறினாள். "உள்ளதாண்ணே வருது! வாலு உள்ளதான் வருது! நாம இத்தினி நாளா வாலுக்கு நேராப் போய் உக்காந்துக்கினு இருந்தோம்!"

"வழி சொன்னவரு மொதல்ல ஏறட்டும்" என்று இளஞ்செழியன் கருவியை மாயவனிடம் கொடுத்தார்.

மாயவன் உட்கார்ந்தான். திரையில் பூதம் பாறையைச் சுற்றி வந்தது. தலை நெருங்கியது. வெளியே, விளிம்புக்குப் போக வேண்டும். அவன் அறிவுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. கட்டைவிரலுக்குத்தான் தெரியவில்லை. பள்ளத்தின் இருள் திரையில் தெரிந்ததும் அந்தப் பழைய அச்சம் எழுந்தது. விரல் தானாக வளைந்து கரியனைப் பாறைப் பக்கம் திருப்பியது. வால் வந்தது. கரியன் செத்தான்.

"நீயே ஒட்டிக்கினியே!" என்றான் தமிழழகன்.

"கை கேக்கலடா" என்று மட்டும் சொன்னான் மாயவன்.

அடுத்து சுபஸ்ரீயின் முறை. அவளுக்கு மலையும் தெரியாது, பள்ளத்தின் அச்சமும் கிடையாது. கரியனை நேராக விளிம்புக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள். தலை பாய்ந்து கடந்தது, உடல் வளைந்தது, வால் பாறையில் போய் அறைந்தது. கரியன் தொடப்படவில்லை. கூடமே எழுந்து நின்றது. "அடி! அடி! இடுப்புல போடு!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். திரையில் பூதத்தின் மிச்ச உயிரைக் காட்டும் உயிர்க்கோடு பாதியாகக் குறைந்தது. அப்போது அதன் உடல் முழுவதும் தணலாகச் சிவந்தது, வேகம் இரட்டித்தது. சுபஸ்ரீ விலகி ஓடினாள். ஓடிய திசையில் கொம்பு வந்து குத்தியது.

"செத்தேன்" என்று கருவியை நீட்டியவள், உடனே விரலை உயர்த்தினாள். "ஆனா ஒண்ணு பாத்தேன். செவந்ததும் தலயத் தூக்கி ஒரு மூச்சு நிக்குது. நாம பயந்து ஓடறோம். ஓடக் கூடாது. அப்ப கழுத்துக்குக் கீழ போய் ரெண்டு போட்டுட்டு, மறுபடியும் ஓரத்துக்கு வந்துடணும். உங்க வழிக்கு என் வழி, சரியாப் போச்சா அண்ணே?"

"சரியாப் போச்சும்மா."

பிற்பகல் முழுவதும் இப்படியே கழிந்தது. தமிழழகன் சிவந்த பூதத்தின் கழுத்தில் மூன்று வெட்டு வெட்டிவிட்டு, நான்காவதுக்கு ஆசைப்பட்டு மாண்டான். இளஞ்செழியன் விளிம்பிலேயே அழகாக நின்றார். உற்சாக மிகுதியால் ஓரடி பின்வைத்துப் பள்ளத்தில் போனார். "சார் ஊருக்குப் போய்ட்டாரு" என்று கூடம் சிரித்தது. ஒவ்வொரு சாவும் ஒரு சேதியைக் கொண்டுவந்தது. மருந்தைத் தலை கடக்கும்போது குடிக்கலாம்; கேடயம் தேவையே இல்லை; இரண்டு வெட்டுக்கு மேல் பேராசை கூடாது. ஆனால் மாயவனின் முறை வரும்போதெல்லாம் அவன் விரல் பாறைக்கே போயிற்று. தன் வழியால் மற்றவர்கள் மேலே மேலே போக, தான் மட்டும் தொடக்கத்திலேயே சாவது அவனுக்குத் தாங்கவில்லை. அடுத்த சுற்றிலோ அதற்கடுத்த சுற்றிலோ சுபஸ்ரீ கொன்றுவிடுவாள்; ஐயமில்லை. அவள்மேல் அவனுக்குப் பொறாமை இல்லை. ஆனாலும் சுவரில் இருந்த அந்தக் காலிக் கோட்டை அவன் கண்கள் நாடிக்கொண்டே இருந்தன.

வெயில் சாய்ந்த நேரத்தில், கையில் துணிப் பையோடு செவ்வந்தி படியேறி வந்தாள்.

"ஏய்யா, இருட்டறதுக்குள்ள மலையேற வேணாமா? கீழ வண்டியாண்ட நின்னு நின்னு காலு மரத்துப் போச்சு."

"இதோ, ஒரே ஒரு சாவு. செத்துட்டு வந்துர்றேன்."

"ஞாயித்துக்கெழமையும் அதுவுமா பேசற பேச்சப் பாரு" என்று அவள் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். முதன்முறையாகத் திரையைப் பார்த்தாள். அவளுக்கு ஆட்டம் விளங்கவில்லை; ஆனால் பாறை விளங்கியது, பள்ளம் விளங்கியது, நடுவில் தடுமாறும் ஆள் தன் கணவன் என்பதும் விளங்கியது.

"எங்க போவணும் நீ?"

"அந்த ஓரத்துக்கு. கை வர மாட்டேங்குது."

பூதம் பாறையைச் சுற்றித் திரும்பியது. செவ்வந்தி யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. மலையில் எத்தனையோ முறை சொன்ன பழக்கத்தில், நாற்காலியின் முதுகைத் தகரம்போல் தட்டினாள். குரல் தானாக எழுந்தது.

"வரலாம்... வரலாம்..."

மாயவனின் கட்டைவிரல் அசைந்தது.

"வரலாம்... வரலாம்... இன்னும் கொஞ்சம்..."

கரியன் பின்வாங்கினான். மாயவன் பள்ளத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவள் பின்னால் இருந்தாள். அவன் கண்கள் பூதத்தின் தலையை மட்டும் பார்த்தன.

"ஓல்டு!"

கரியன் விளிம்பில் நின்றான். தலை அவன் மூக்கருகே சீறிக் கடந்தது. நீண்ட உடல் வளைந்தது. வால் பாறையில் மோதிக் கற்கள் தெறித்தன. மாயவன் பாய்ந்து இரண்டு வெட்டு வெட்டினான்.

"மறுபடி வருது! வரலாம், வரலாம், ஓல்டு!"

கூடத்தில் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. உயிர்க்கோடு குறைந்துகொண்டே வந்தது. பூதம் சிவந்து தலையைத் தூக்கியது. "இப்ப! நிக்குது! கழுத்துல போடுங்கண்ணே!" என்று சுபஸ்ரீ கூவினாள். ஒன்று. இரண்டு. "போதும், போதும், ஆசப்படாத, வெளிய வா!" என்று தமிழழகன் கதறினான், அவன் எதனால் மாண்டானோ, அதையே இப்போது எச்சரிக்கையாகக் கொடுத்தான். செவ்வந்தியின் கை நாற்காலியைத் தட்டிக்கொண்டே இருந்தது. இப்போது அவள் குரலும் உயர்ந்துவிட்டது. "வா வா வா வா, ஓல்டு! ஐயோ, நில்லுய்யா, நில்லு, சக்கரம் ஓரத்துல இருக்குது!"

அடுத்த முறை வால் பாறையில் அறைந்து, ஒரு கணம் சிக்கிக்கொண்டது. மாயவன் ஓடினான். வெட்டினான். பூதத்தின் நீண்ட உடல் முழுவதும் ஓர் அதிர்வு ஓடியது. கால்கள் ஒவ்வொன்றாக மடிந்தன. பிறகு அது சரிந்து, விளிம்பைத் தாண்டி, எல்லாரையும் இத்தனை நாள் விழுங்கிய அதே பள்ளத்துக்குள் போயிற்று.

கீழே உரக்கடைக்காரர், மாடி இடிந்துவிட்டதென்று வெளியே ஓடி வந்து அண்ணாந்து பார்த்தார். மேலே தமிழழகன் மாயவனைத் தூக்கித் தோளில் வைத்திருந்தான், மின்விசிறி சுழன்றுகொண்டிருந்ததால் இளஞ்செழியன் "தல, தல, பாத்துய்யா!" என்று பதறினார். சுபஸ்ரீயும் செவ்வந்தியும், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், கைகளைக் கோத்துக்கொண்டு குதித்தார்கள்.

ஆரவாரம் அடங்கியதும் இளஞ்செழியன் நீலச் சாயமும் தூரிகையும் எடுத்துவந்தார். "சொல்லுங்க மாயவன். பேரு?"

மாயவன் வெகுநாளாகப் பூட்டி வைத்திருந்த பெயர் 'மாமலை வேந்தன்'. சுவரில் மற்றப் பெயர்களை எல்லாம் மிஞ்சி நிற்கும் என்று தேடித் தேர்ந்தெடுத்த பெயர். அது அவன் தொண்டைவரைக்கும் வந்தது. ஆனால் பள்ளத்தில் விழுந்த அந்த நீண்ட உடலை நினைத்ததும் அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"எட்டரை வண்டி" என்றான்.

செவ்வந்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது இன்னாய்யா எட்டரை வண்டி?" என்றான் தமிழழகன்.

"மலைக்கு வந்து பாரு, தெரியும். இத்தினி நாளா உங்க ஊரு கரும்பு லாரிய நான் கேக்காமதான ஒத்துக்கினேன்?"

இளஞ்செழியன் சிரித்துக்கொண்டே எழுதினார். கீழே 'மாயவன்' என்று எழுதி முடித்தபோது, "செவ்வந்தி பேரும் போடுங்க சார்" என்றான் அவன்.

"பட்டன அமுக்குனது நீதான? கையில கருவி வச்சிருந்தவருக்குத்தான் பேரு" என்று தமிழழகன் வழக்கத்தை நினைவூட்டினான்.

"அவ சொல்லலேன்னா என் கை போயிருக்காது. நீயே பாத்தியே."

இளஞ்செழியன் சற்று யோசித்து, "ஓட்டுறவரு ஒருத்தரு, ஓரம் பாக்கிறவரு ஒருத்தரு. மலை வண்டிக்கு அதுதான் முறை போலிருக்கு" என்று தூரிகையை மீண்டும் சாயத்தில் தோய்த்தார். தன் பெயர் சுவரில் ஏறுவதைச் செவ்வந்தி, கடைசி எழுத்து முடியும்வரை பார்த்தாள். பிறகு, "ஒரு பூதத்துக்குக் கீழதான் என் பேரு இருக்கணுமா?" என்று கேட்டாள், ஆனால் படியிறங்கும்போது இருமுறை திரும்பிப் பார்த்தாள்.

கச்சிராயப்பாளையம் தாண்டி வண்டி மலையேறியபோது கடைசி வெளிச்சம் மரங்களின் உச்சியில் இருந்தது. ஜல்லி கொட்டிய வளைவுக்கு வந்ததும் மேலிருந்து ஒலிப்பான் கேட்டது. நீண்டு ஒலித்து, நின்று, மீண்டும் ஒலித்தது. அம்மாசியின் பேருந்து இறங்கி வந்து, ஏறும் வண்டிக்கு வழிவிட்டு நின்றது. மாயவன் அதற்கு இணையாக வந்து நிறுத்தினான். அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இன்னா மாப்ள, காலையில நல்லா இருன்ன, இப்ப பல்லக் காட்டுற?"

"ஒண்ணுமில்ல மாமா. இப்பத்தான் உன் வண்டிய வெட்டிப் பள்ளத்துல தள்ளிட்டு வர்றேன்."

அம்மாசி தன் பேருந்தை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு செவ்வந்தியிடம், "ஏம்மா, குடிச்சிக்கினு இருக்கானா?" என்றார்.

"இல்ல மாமா, நெசந்தான்" என்றாள் செவ்வந்தி. "நான்தான் சைடு சொன்னேன்."